நிகரக் காந்தம் சுழியமாக இருக்கும்போது எதை அளப்பது?

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் பயிலும் தம்பி ஒருவர் இங்கே கேட்டிருப்பது இது: எதிர்ஃபெரோகாந்தப் பொருளில் அணுக்களின் காந்தங்கள் எதிரும் புதிருமாக நின்று மொத்தத்தில் சுழியமாகிவிடுகின்றன, அப்படியிருக்க, ஓரிரு அணு அடுக்குகளே கொண்ட அதன் ஏட்டில் காந்த ஒழுங்கு இருப்பதை எப்படி அறிகிறார்கள்? நானும் அதே ஊர்க்காரன். முதுகலையில் காந்த அளவீட்டில் ஈடுபட்டவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எதிர்த்திசைக் காந்தங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டுவது ஒருபுறமிருக்க, ஏட்டின் சிறுமையே முதல் தடை. அடுக்கடுக்காக உரிக்கக்கூடிய காந்தப் படிகமான குரோமியம் டிரைஅயோடைடின் ஒற்றை அடுக்கில் பக்கத்துக்குப் பத்து மைக்ரோமீட்டர் கொண்ட சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குரோமியம் அணுக்கள் அனைத்தும் ஒரே திசையில் நின்றாலும் கிடைக்கும் காந்தத் திருப்புத்திறன் சுமார் 150 கோடி போர் மேக்னெட்டான்தான் (அணுவளவுக் காந்தங்களை அளக்கும் அலகு அது). கேட்கப் பெரிதாகத் தோன்றினாலும், மீக்கடத்தி வளையத்தால் நுண்ணிய காந்தத்தை அளக்கும் ஸ்குவிட் காந்தமானி வழக்கமாக உணரக்கூடிய குறைந்தபட்ச அளவில் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. செம்பனை ஆலையில் குலை லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஓர் உதிரிப் பழத்தை வைத்து எடை கேட்பதற்கு ஒப்பானது அது. நியூட்ரான் சிதறலும் இங்கே உதவாது. 1949இல் மாங்கனீசு ஆக்சைடில் எதிர்ஃபெரோகாந்த ஒழுங்கை நேரடியாகக் காட்டிய முறை அதுவேயானாலும், அதற்குக் கணிசமான அளவு படிகம் வேண்டும்.

ஆகவே மொத்தத்தை அளக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். அதற்குமுன், பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெல்லிய குரோமியம் டிரைஅயோடைடில் ஒவ்வோர் அடுக்கும் தன்னளவில் ஃபெரோகாந்தம், அதாவது அதன் அணுக்காந்தங்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கின்றன. அடுத்தடுத்த அடுக்குகள்தாம் எதிர்த்திசையில் நிற்கின்றன. இரும்பு பாஸ்பரஸ் டிரைசல்ஃபைடிலோ ஒரே அடுக்குக்குள்ளேயே எதிர்ப்பு இருக்கிறது.

முதல் வகைக்குக் கெர் விளைவு போதும். காந்தமுற்ற பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவுத் தளம் (ஒளியலை அதிரும் தளம்) சிறிதளவு சுழல்வதே அவ்விளைவு; சில மைக்ரோமீட்டர் ஏட்டின்மீது லேசரைக் குவித்தாலே அதைக் காண முடியும். 2017இல் வெளிவந்த அளவீட்டில் ஒற்றை அடுக்கு 45 கெல்வினுக்குக் கீழே தெளிவான சுழற்சியைக் காட்டியது. இரட்டை அடுக்கில் அது மறைந்தது. மூன்று அடுக்கில் மீண்டும் தோன்றியது. இரட்டை அடுக்கின்மீது சுமார் 0.65 டெஸ்லா புலத்தைச் செலுத்தியபோது இரு அடுக்குகளும் ஒரே திசைக்குத் தாவின, சுழற்சியும் சட்டென எழுந்தது. சுழியம் தந்த ஏடு வெறும் ஏடல்ல என்பதற்கு இந்தத் தாவலே சான்று. எனக்கு மிகவும் பிடித்த அளவீடும் இதுதான். அதே ஏட்டை இரு கிராஃபீன் (மெல்லிய கார்பன்) தகடுகளுக்கிடையே வைத்து, எலெக்ட்ரான்கள் ஏட்டை ஊடுருவிக் கடப்பதால் வரும் ஊடுருவு மின்னோட்டத்தை அளந்தாலும் அதே புலத்தில் மின்னோட்டம் எகிறுவதைக் காணலாம். ஒன்று சொல்ல வேண்டும்: நம் ஊர் ஈரக்காற்றில் இந்தப் பொருள் நிமிடக் கணக்கில் சிதைந்துபோகும், ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்தான் ஒட்டுநாடாவால் உரித்தெடுக்க வேண்டும்.

இரண்டாம் வகை கடினமானது. அங்கே எந்த அடுக்கிலும் நிகரக் காந்தம் இல்லாததால் கெர் சுழற்சியை எதிர்பார்ப்பதில் பயனில்லை. ஆனால் எதிரெதிர் அணிவகுப்பு படிகத்தின் அலகுக் கூட்டை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தை, பெரிதாக்கிவிடுகிறது. திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலின் நிறமாலையில், அறை வெப்பநிலையில் இல்லாத முகடுகள் அதனால் முளைக்கின்றன. இரும்பு பாஸ்பரஸ் டிரைசல்ஃபைடைச் சுமார் 118 கெல்வினுக்குக் கீழே குளிர்விக்கும்போது இம்முகடுகள் ஒற்றை அடுக்கிலும் எழுவதை 2016இல் காட்டினார்கள். அணுக்காந்தங்கள் சங்கிலிகளாக அமைவதால், சங்கிலியின் நெடுக்கிலும் குறுக்கிலும் முனைவுற்ற ஒளி வெவ்வேறளவு எதிரொளிப்பதையும் அளக்கலாம். காந்தத் திசை தலைகீழானாலும் இந்த வேறுபாட்டின் குறி மாறாது என்பதால் எதிரெதிர் அணுக்களின் பங்கு கழிபடாமல் கூடவே செய்கிறது.

வைர முனையின் படிகத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் அதனருகே ஒரு வெற்றிடமும் அமைந்த குறைபாட்டைக் கொண்டு ஏட்டின் மேலுள்ள நுண்புலத்தை வரைபடமாக்கும் முறையும் உண்டு. ஆயினும் இரட்டைப்படை அடுக்குகளின் நடுப்பரப்பில் அதற்குக் கிடைப்பது அநேகமாக ஒன்றுமில்லை.

இராமன் முகடு மட்டுமே முடிவான சான்று ஆகாது. படிக அமைப்பு மாறினாலும் புதிய முகடு வரலாம். அதனால் வெப்பநிலையை ஏற்றி, எதிர்ஃபெரோகாந்த ஒழுங்கு குலையும் நீல் வெப்பநிலையில் அது மறைகிறதா என்று பார்ப்பதோடு, அடுக்கு எண்ணிக்கையையும் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். கனப் படிகத்தில் 155 கெல்வின் வரை ஒழுங்கு கொண்ட நிக்கல் பாஸ்பரஸ் டிரைசல்ஃபைடில், இரண்டு அடுக்கு வரை தெரிந்த காந்த அடையாளம் ஒற்றை அடுக்கில் ஒடுங்கிவிடுவதை 2019இல் அவ்வாறுதான் கண்டார்கள்.