பூனைக் காப்பகத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்வதால் நமக்கு என்ன கிடைக்கும்?

கேட்டவர் கல்லூரி மாணவர். பணமும் வராது, படிப்புக்கும் உதவாது, அப்புறம் எதற்குப் போகிறாய் என்று அவர் அம்மா கேட்கிறாராம். எங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். நான் புதுச்சேரியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஒரு சின்னப் பூனைக் காப்பகத்துக்குப் போய் வருகிறேன்.

பூனையைக் கொஞ்சுவதற்காகப் போவதென்றால் காப்பகம் வேண்டியதில்லை, உங்கள் தெருப் பூனையே போதும். அங்கே கொஞ்சுகிற நேரம் குறைவு. பூனைகள் கழிக்கும் மண் தட்டுகளைக் கழுவ வேண்டும், தரையைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும், போர்வைகளைத் துவைக்க வேண்டும், மீனை வேகவைத்து முள் எடுக்க வேண்டும். காலைப் பொழுது இதிலேயே போய்விடும்.

எனக்குக் கிடைத்ததில் பெரியது, மிரண்டு போன ஓர் உயிர் தன் பயத்தைத் தானாக விடுவதைக் கூட இருந்து பார்த்ததுதான். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து ஒரு செவலைக் கடுவன் பூனை வந்தது. காது கிழிந்திருந்தது, முன்னங்கால் வீங்கியிருந்தது. கூண்டின் கடைசி மூலையில் ஒட்டிக்கொண்டு, யார் வந்தாலும் சீறும். அங்கே ரொம்ப நாளாக வேலை செய்யும் அக்கா, "கையை உள்ள விடாதீங்க சார், நேராப் பார்க்காதீங்க. பக்கத்துல சும்மா உட்காருங்க, போதும்" என்றார். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படித்தேன். அடுத்தடுத்த வாரங்களிலும் அதேதான். நடுவில் எப்போதாவது அதன் பக்கம் திரும்பி, கண்களை மெதுவாக மூடித் திறப்பேன். இது வெறும் நம்பிக்கை இல்லை. 2020ல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து வெளியிட்டார்கள்: இப்படிச் செய்தால் பூனைகளும் திருப்பிக் கண்ணைச் சுருக்குகின்றன, முன்பின் தெரியாத ஆளிடமும் நெருங்கி வருகின்றன. பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம் என்பார்கள். உண்மையில் எதிரில் இருப்பவரை நம்பினால்தான் அது கண்ணை மூடுகிறது.

ஒரு நாள் நான் உட்கார்ந்திருக்கும்போதே அது தட்டுக்கு வந்து தின்றது. அவ்வளவுதான் நடந்தது. மடியில் ஏறவில்லை, காலை உரசவில்லை. ஆனால் வருஷக் கடைசியில் ஐந்தொகை இழுத்துப் பிடித்துச் சரியாக வரும்போதுகூட எனக்கு அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

குட்டிகளிடம் கிடைப்பது வேறு மாதிரி. தாயில்லாமல் வரும் குட்டியை முதலில் சூடாக்க வேண்டும், அப்புறம்தான் பால். உடம்பு சில்லிட்டிருக்கும்போது புகட்டினால் செரிக்காது. பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், அதற்கென்று விற்கும் பால்மாவுதான் சரி. மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மூன்று வாரம் வரைக்கும் அது தானாகச் சிறுநீர்கூடக் கழிக்காது. தாய் நக்கிவிடும் இடத்தில் நாம் ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். தினமும் சமையல் தராசில் எடை போடுவோம். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருப்பது, நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏறினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நோட்டில் எழுதுவது என் வேலை. வாழ்நாளில் இவ்வளவு ஆசையாக நான் எண்கள் எழுதியதில்லை.

எல்லாம் பிழைத்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேன்லூக்கோபீனியா என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. நேற்று விளையாடிய குட்டி இன்று சுருண்டு கிடக்கும். தரையிலும் துணியிலும் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அதனால்தான் அத்தனை பிளீச்சிங். புதிதாக வரும் பூனையைத் தனியறையில் வைப்பதும் அதற்காகத்தான். இதைத் தாங்க முடியாதவர்கள் நின்றுவிடுகிறார்கள், அதில் தப்பில்லை.

கருத்தடைதான் யாருக்கும் கண்ணில் படாத வேலை, பலனும் அப்படித்தான். பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினை பிடிக்கும். சினைக்காலம் சுமார் 65 நாள். குட்டிகள் பால் குடிக்கும்போதே அடுத்த ஈடு தயாராகிவிடும். அறுவை முடிந்த பூனைக்கு அடையாளமாகக் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி விடுவார்கள். குருசுக்குப்பத்தில் நடக்கும்போது காது நுனி இல்லாத பூனை ஒன்று படகு நிழலில் கால் நீட்டித் தூங்கினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஊரில் பூனை குறுக்கே போனால் திரும்பி வீட்டுக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் எப்போதோ தெருவுக்கு வந்திருக்க வேண்டும்.

மனிதர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பக்கத்தில் கரையைக் கடந்தது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்தத் தண்ணீரில் பூனைகளைக் காய்கறிக் கூடைகளில் போட்டு மேலே வலை கட்டி மாடிக்குத் தூக்கினோம். கூட நின்றவர்களில் ஒரு மீன்கார அம்மா, ஒரு ஆட்டோ டிரைவர், ஒரு கல்லூரிப் பெண். அலுவலகத்தில் இருபது வருஷம் பக்கத்து மேசைக்காரரிடம் ஏற்படாத பழக்கம் இவர்களிடம் ஏற்பட்டது.

உங்கள் அம்மா கேட்டதற்கு என் பதில்: பயோடேட்டாவில் பெரிதாக எடுபடாது என்பது உண்மை, கால்நடை மருத்துவம் படிக்க நினைத்தால் ஒழிய. அவரிடம் அதை மறைக்க வேண்டாம்.

சேருவதென்றால் முதலில் ரேபிஸ் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கடி வாங்குமுன்பே போட்டுக்கொள்ளலாம். அதற்கப்புறமும் கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குட்டிதானே என்று விடக்கூடாது. ஆள் அதிகம் தேவைப்படுவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும், கழிவு மீனை நம்பியிருக்கும் துறைமுகப் பூனைகள் பட்டினி கிடக்கும், குட்டிகளும் நிறைய வரும். உங்களுக்கு அப்போது பரீட்சை என்றால் முடித்துவிட்டு மே கடைசியில் வந்தாலும் சரி, வேலை தீர்ந்திருக்காது.