கொலம்பியாவில் பொகோட்டாவிலிருந்து கரீபியக் கடற்கரை வரை காரிலேயே செல்வது தகுமா? எப்படித் திட்டமிட வேண்டும்?

தகும். தலைநகர் பொகோட்டாவில் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கரீபியக் கரையிலுள்ள கார்தஹேனாவுக்கு விமானம் ஏறிவிடுவதே பெரும்பாலான பயணிகளின் வழக்கம். விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கு அதுவே சரி. ஆனால் மூன்று வாரமாவது ஒதுக்க முடிந்தவர்கள் தரைவழியாகவே செல்ல வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். நானும் என் மனைவியும் வாடகைக் காரில் அப்படித்தான் சென்றோம். அந்த நாட்டில் பயிர், உணவு, உடை, வீட்டின் அமைப்பு எல்லாமே உயரத்தைப் பொறுத்து மாறுகின்றன; விமானத்தில் பறப்பவர்களுக்கு அந்த மாற்றம் கண்ணில் படுவதேயில்லை.

ஆண்டிஸ் மலைத்தொடர் கொலம்பியாவுக்குள் மேற்கு, நடு, கிழக்கு என மூன்றாகப் பிரிகிறது. கிழக்குத் தொடருக்கும் நடுத்தொடருக்கும் இடையே மக்தலேனா ஆறும், நடுத்தொடருக்கும் மேற்குத் தொடருக்கும் இடையே காவ்கா ஆறும் வடக்கு நோக்கிப் பாய்கின்றன. ஆகவே கிழக்கிலிருந்து மேற்கே போகும் எந்தச் சாலையும் ஏறி இறங்கி மறுபடி ஏறியாக வேண்டும். வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்து நாளைப் பிரிக்காதீர்கள். பொகோட்டாவுக்கும் மெதெயின் நகருக்கும் இடையே சாலைத்தூரம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர்தான் என்றாலும், அதற்கு ஒரு பகல் முழுவதும் போய்விடும். மலைப்பகுதியில் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேரும்படி திட்டமிடுங்கள்.

நான் பரிந்துரைப்பது நடுத்தொடரைக் கடக்கும் லெத்ராஸ் கணவாய் வழி. சுமார் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள பொகோட்டாவிலிருந்து, 250 மீட்டருக்கும் தாழ்வான ஓந்தா என்ற ஆற்றங்கரை ஊருக்கு முதல் நாளே இறங்கிவிடுவீர்கள். காலையில் போட்டிருந்த கம்பளிச் சட்டையை மதியத்துக்குள் கழற்ற வேண்டியிருக்கும். மக்தலேனாவில் நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்தில் ஓந்தா பெரிய துறைமுகம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட நவார்ரோ இரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது. அடுத்துள்ள மரிகீத்தாவிலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் 3,000 மீட்டருக்கு மேல் ஏறும் அந்தச் சாலை மிதிவண்டி வீரர்களிடையே உலகப் புகழ் பெற்றது. கரும்பும் மாமரங்களும் முடிந்து வாழை நிழலில் காப்பிச் செடிகள் வருகின்றன; பிறகு பால்மாடுகள் மேயும் புல்வெளி, கடைசியில் மஞ்சுமூட்டத்துக்குள் ஃப்ரைலெஹோன் என்ற வெல்வெட் இலைச் செடிகள் நிற்கும் குளிர்மேடு. கணவாயை நெருங்கும் இடத்தில் ஒரு சாலையோரக் கடையில் அகுவாபனேலா குடித்தோம். வெல்லத்தைக் கரைத்துக் கொதிக்கவைத்த நீர்தான் அது. கூடவே தரும் வெள்ளைப் பாலாடைக்கட்டியைத் துண்டு துண்டாக உள்ளே போட்டு, அது இளகி நூல் நூலாக வரும்போது கரண்டியால் எடுத்துத் தின்ன வேண்டும். குளிரில் விறைத்த கைக்கு அந்தக் கோப்பையின் சூடே பெரிய ஆறுதல்.

மரிகீத்தாவில் ஏறத் தொடங்கும் முன் தெற்கே அர்மேரோவுக்கு ஒருமுறை சென்று வாருங்கள். 1985 நவம்பர் 13 இரவு நெவாதோ தெல் ரூயிஸ் எரிமலை வெடித்து, உச்சியிலிருந்த பனி உருகிச் சேறாகப் பெருக்கெடுத்து அந்த நகரையே மூடியது. ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள். ஆபத்துப் பகுதியைக் காட்டும் வரைபடம் அதற்கு முந்தைய மாதமே வெளியாகியிருந்தும் மக்கள் வெளியேற்றப்படவில்லை. மரங்கள் விழுங்கிக்கொண்டிருக்கும் அந்த இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, அதே எரிமலையின் தோளில் ஏறும் சாலையில் போகும்போது, அந்த மலையைக் காட்சிப்பொருளாக மட்டும் பார்க்க முடியாது.

இந்த ஏற்றம் வேண்டாம் என்பவர்கள் இபாகே வழியாக, 2020இல் திறக்கப்பட்ட லா லீனியா சுரங்கப்பாதையில் விரைவாகக் காப்பி மண்டலத்தை அடையலாம். எந்த வழியில் வந்தாலும் அங்குள்ள சலெந்தோ என்ற ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். அதன் அருகிலுள்ள கொகோரா பள்ளத்தாக்கில் நிற்கும் மெழுகுப்பனை அந்நாட்டின் தேசிய மரம். பனை வகைகளிலேயே மிக உயரமாக வளர்வது அதுதான்.

மழைக்காலத்தில் நிலச்சரிவு அன்றாட நிகழ்வு. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் இடங்களில், ஒரு புறம் 'நில்' என்றும் மறுபுறம் 'செல்' என்றும் எழுதிய வட்டத் தகட்டைக் கம்பில் பிடித்தபடி ஒருவர் நிற்பார். அவர் திருப்பிக் காட்டும் வரை இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி. பழமும் காப்பியும் விற்பவர்கள் வரிசையாக வருவார்கள். சுங்கச்சாவடிகள் அடிக்கடி வரும், கட்டணமும் அதிகம் என்பதால் சில்லறையாகப் பணம் வைத்திருங்கள். இருசக்கர வண்டிகளுக்குச் சுங்கம் இல்லை. பஜாஜும், நம் ஓசூரின் டிவிஎஸ்ஸும் அங்கே கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

காப்பி மண்டலத்திலிருந்து மெதெயினுக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே யாருமால், காவ்காசியா வழியாகக் கடற்கரைக்கு இறங்கும் சாலையில் ஆயுதக் குழுக்களின் நடமாட்டம் உள்ள பகுதிகள் உண்டு. அன்றைய நிலையை முந்தைய இரவு விடுதியில் விசாரித்து, பகலில் மட்டும் கடந்துவிடுங்கள். கார்தஹேனாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்; அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அங்கிருந்து கடற்கரையோரமாகக் கிழக்கே போகும்போது, பர்ராங்கியா நகரில் மக்தலேனாவை மறுபடி கடந்தவுடன் வரும் சாலை என்னை மிகவும் பாதித்தது. இடப்புறம் கரீபியக் கடல், வலப்புறம் சியேனகா கிராந்தே என்ற பெரும் உப்பங்கழி. 1950களில் அந்தச் சாலையை அமைத்தபோது கடலுக்கும் கழிக்கும் இடையே நீர் போய்வரும் வழிகள் அடைபட்டன. ஆற்றிலிருந்து வரும் நன்னீரும் குறைந்ததால் உப்பு ஏறி, சதுப்புநிலக் காடுகள் பெருமளவில் பட்டுப்போயின. நாம் வசதியாக ஓட்டிச் செல்லும் பாதையே அந்தக் கழியை நம்பிய மீனவர்களின் வாழ்வைக் குலைத்திருக்கிறது என்பதை அங்கே நின்று பார்க்க வேண்டும். அதைத் தாண்டினால், வானம் தெளிந்த விடியலில், கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் 5,700 மீட்டர் உயரத்துக்கு எழும் சாந்தா மார்த்தா பனிமலையைக் காணலாம்.

கடைசிக் கட்டமான லா குவாஹிரா பாலைநிலத்துக்கு வாடகைக் காரை ஓட்டிச் செல்லாதீர்கள். உரிபியா என்ற ஊரில் நிறுத்திவிட்டு, உள்ளூர் வாயூ பழங்குடி ஓட்டுநரின் ஜீப்பில் காபோ தெ லா வேலா என்ற கடற்கரை ஊருக்குச் செல்லுங்கள். தடமே இல்லாத மணலில் வழி அவர்களுக்குத்தான் தெரியும். வருமானமும் அவர்களுக்கே போய்ச் சேரும். குடிநீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்; அங்கே பெருங்குறை அதுதான்.

டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆனால் கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி நடுப்பகுதி வரையும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் உள்ளூர் மக்களே விடுமுறைக்குக் கிளம்புவதால் சாலையும் விடுதியும் நிரம்பி வழியும். பிப்ரவரியில் செல்லுங்கள். காரைச் சாந்தா மார்த்தாவில் ஒப்படைக்கக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நாள் இருந்தால் அதைத் தவிர்த்து, புகாராமாங்கா, சிகாமோச்சா பள்ளத்தாக்கு, பாரிச்சாரா வழியாகக் கிழக்குத் தொடரில் ஏறிப் பொகோட்டாவுக்கே திரும்பிவிடலாம்.