கேள்வி நேரம்: பாதி அமெரிக்கர்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கறுப்பின மக்கள், தங்களை ஒதுக்கி வைத்த நாட்டுக்காகவே சண்டை போட்டார்களே, அது விசுவாசமா, வேறு வழியில்லாமையா?

பதில்: பேரத்தை விட்டுவிட்டீர்களே!

ரயில் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த போர்ட்டர்களுக்குச் சங்கம் கண்டவர் ஃபிலிப் ராண்டால்ஃப். 1941-இல் ஆயுதத் தொழிற்சாலைகள் ஆள் தேடி அலைந்தன. கறுப்பினத்தவருக்கோ பெரும்பாலும் துடைப்பம்தான் மிச்சம். 'ஜூலை 1 அன்று வாஷிங்டனில் பேரணி' என்று அறிவித்தார் ராண்டால்ஃப். கலங்கிப்போன அதிபர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, எத்தனை பேர் வருவார்கள் என்று விசாரித்தார். "ஒரு லட்சம்" என்றார் அசராமல். அத்தனை பேர் திரண்டிருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் அதிபருக்கு இல்லை. ஜூன் 25-இல் 8802-ஆம் ஆணை வந்தது: பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாடு கூடாது. பேரணி கைவிடப்பட்டது. ராணுவத்துக்குள் இருந்த பிரிவினையை அந்த ஆணை தொடவில்லை. அதற்கு 1948-இல் அடுத்த அதிபர் ட்ரூமன் வர வேண்டியிருந்தது.

இன்னொருவர் ஜேம்ஸ் தாம்ப்சன், கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாக்காரர். விமானத் தொழிற்சாலையின் உணவகத்தில் வேலை. விமானம் செய்கிறவர்களுக்குச் சாப்பாடு போடலாம், விமானத்தைத் தொடக்கூடாது! 1942 ஜனவரியில் கறுப்பினத்தவரின் பத்திரிகையான 'பிட்ஸ்பர்க் கூரியர்'-க்குக் கடிதம் எழுதினார்: பாதி அமெரிக்கனாக வாழவா நான் உயிரைக் கொடுக்க வேண்டும்? வெளிப் பகைவனை வெல்ல ஒரு 'வி' (விக்டரி, அதாவது வெற்றியின் முதல் எழுத்து), உள்நாட்டுப் பகைவனை வெல்ல இன்னொரு 'வி' என்றார். அடுத்த வாரமே 'இரட்டை வி' அந்தப் பத்திரிகையின் இயக்கமாகிவிட்டது. வாசகர் கடிதங்களைக் குப்பைக்கூடைக்கு அனுப்பும் ஆசிரியர்கள் கவனிக்கவும்.

கேள்வி: ரத்தத்தைக்கூடப் பிரித்து வைத்தார்களாமே?

பதில்: வைத்தார்கள். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பினத்தவரின் ரத்தமே வேண்டாம் என்றது. 1942 ஜனவரியில் சற்று இறங்கிவந்து, வாங்கிக்கொண்டு தனியாகச் சீட்டு ஒட்டியது. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பெருமளவில் சேமிக்க வழி வகுத்த டாக்டர் சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பினத்தவர் என்பதுதான் இதில் கொடுமை. ரத்தத்தைப் பிரிக்க அறிவியல் ஆதாரம் ஏதுமில்லை என்று அவர் சொன்னது எடுபடவில்லை.

1950 ஏப்ரலில் ட்ரூ கார் விபத்தில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை அவருக்கு ரத்தம் ஏற்ற மறுத்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். அது கட்டுக்கதை, மருத்துவர்கள் போராடித்தான் பார்த்தார்கள், காயம் அப்படி. சீட்டு ஒட்டும் வழக்கம் அதே ஆண்டு நவம்பரில் நின்றது.