பாக், ஆர்கன், சிந்தசைசர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்தும் ஃபியூக் வடிவம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகுதான், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கை முறையாகக் கேட்க ஆரம்பித்தேன். எங்கள் சபையின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். வேலை போக மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் சிந்தசைசர் மென்பொருள்களை வைத்து எதையாவது செய்துகொண்டிருப்பேன். சமீபத்தில் பாக்கின் ஆர்கன் படைப்பு ஒன்றை, ஆர்கன் ஒலியே இல்லாமல் முழுக்க எலக்ட்ரானிக் ஒலிகளில் செய்து, எங்கள் குழுத் தலைவருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் பைப் ஆர்கன் வாசித்துப் பழகியவர். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். “ஆர்கன் மூச்சு விடுகிற வாத்தியம். இது வெறும் கரண்ட். பாக் கேட்டால் வருத்தப்படுவார்” என்றார்.

எனக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். நான் செய்வது நகல் எடுக்கிற வேலைதானா? பாக் காலத்து பரோக் ஆர்கன் இசையை சிந்தசைசரில் செய்வதற்கு உண்மையிலேயே ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? அப்படிச் செய்தவர்களில் யாரைக் கேட்கலாம், நான் எங்கே ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

எஸ்.,
திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் குழுத் தலைவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன். முதலில் மறுபாதி.

ஆர்கனுக்கென்று தனியாக ஒரு ஒலி கிடையாது. கீபோர்டில் ‘சர்ச் ஆர்கன்’ என்று ஒரு பட்டன் இருப்பதால் அப்படி ஒன்று இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு பெரிய ஆர்கனில் ஆயிரக்கணக்கான குழாய்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஸ்டாப், அதாவது இழுக்கும் குமிழ். எந்த ஸ்டாப்பை இழுக்கிறீர்களோ அந்த வரிசை மட்டும் பேசும். ஸ்டாப்பின் மேல் 8 அடி என்று எழுதியிருந்தால், அந்த வரிசையில் மிகக் கீழான ஸி கட்டைக்குரிய குழாய் ஏறத்தாழ எட்டு அடி நீளம் என்று பொருள். 4 அடி ஸ்டாப்பை இழுத்து அதே கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். 16 அடி என்றால் ஒரு ஸ்தாயி கீழே. சுவாரசியமானது இதற்கு அப்புறம்தான். 2 2/3 அடி என்று ஒரு ஸ்டாப் உண்டு. ஸட்ஜத்துக்குரிய கட்டையை அழுத்தினால் அதில் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரும். 1 3/5 அடி ஸ்டாப்பில் அதற்கும் மேலே அந்தர காந்தாரம் வரும். இவற்றைத் தனியாக யாரும் வாசிப்பதில்லை. 8 அடியோடு சேர்த்து இழுக்கும்போது பஞ்சமமும் காந்தாரமும் தனித்தனியாகக் கேட்காமல் கரைந்து, அடிப்படைச் சுரத்தின் நிறத்தை மாற்றிவிடும். தம்புராவில் மந்தர ஸட்ஜத்தை மீட்டும்போது அதற்குள்ளிருந்து யாரும் மீட்டாத காந்தாரம் எழுந்து வருமே, அந்த உபசுரங்களைத் தனித்தனிக் குழாய்களாகச் செய்து, வேண்டியதை வேண்டிய அளவுக்குக் கலந்துகொள்ளும் ஏற்பாடு இது.

சிந்தசைசர் செய்வதும் இதைத்தான். 1935ல் வந்த ஹேமண்ட் ஆர்கனில் ஒன்பது டிராபார்கள் (ஒலியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இழுக்கும் பட்டைகள்) உண்டு. குழாயே இல்லாத அந்தப் பெட்டியில் ஒவ்வொரு டிராபாருக்கும் குழாய் நீளத்தையே பெயராக வைத்தார்கள். 2 2/3 அடியும் 1 3/5 அடியும் அங்கே இருக்கின்றன. 1970ல் வந்த மினிமோக் சிந்தசைசரில் ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டரின் ஸ்தாயியை மாற்றும் திருகியைப் பாருங்கள். 32, 16, 8, 4, 2 என்றுதான் போட்டிருக்கும். நீங்கள் வைத்திருக்கும் மென்பொருளிலும் அநேகமாக அதே எண்கள் இருக்கும். ஆக, உங்கள் திரையில் இருப்பது ஆர்கனுக்கு அந்நியமான கருவி அல்ல, அதே குடும்பம்தான்.

பாக் தன் ஆர்கன் படைப்புகள் பெரும்பாலானவற்றில் எந்த ஸ்டாப்பை இழுக்க வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. அதை முடிவு செய்வது வாசிப்பவரின் பொறுப்பு. ஊருக்கு ஊர் ஆர்கன் வேறு, கோவிலுக்குக் கோவில் எதிரொலி வேறு. ஒலியைத் தேர்ந்தெடுப்பதே ஆர்கன் வாசிப்பில் பாதிக் கலை. அதனால் என் அபிப்பிராயத்தை நேரடியாகவே சொல்கிறேன். சிந்தசைசரில் ‘ஆர்கன் மாதிரி’ ஒலிக்க வைக்க முயன்றால் அது நகல், அதுவும் சோகையான நகல். ஆர்கன் கலைஞர் ஸ்டாப்புகளுக்கு முன்னால் உட்கார்ந்து என்ன யோசிப்பாரோ அதை நீங்கள் ஆஸிலேட்டருக்கும் ஒலியை வடிகட்டும் ஃபில்டருக்கும் முன்னால் உட்கார்ந்து யோசித்தால், செய்வது பாக்கின் வேலையின் தொடர்ச்சி.

இதற்குச் சிறந்த சான்று வெண்டி கார்லோஸ் 1968ல் வெளியிட்ட ‘ஸ்விட்ச்ட் ஆன் பாக்’. நீங்கள் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். இயற்பியலும் இசையும் படித்தவர் கார்லோஸ். ராபர்ட் மோக்கின் சிந்தசைசரை வைத்து, ரேச்சல் எல்கைண்டின் தயாரிப்பில் அதைச் செய்தார். அன்றைய மோக்கில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு கட்டைகளை அழுத்தினாலும் ஒன்றுதான் பேசும். கார்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது, முடியவே முடியாது. எனவே ஒவ்வொரு குரலையும் தனியாக வாசித்து, தானே உருவாக்கிய எட்டு டிராக் டேப் ரிக்கார்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார். ஆஸிலேட்டர்கள் சுருதியில் நிற்காது. கொஞ்சம் வாசிப்பது, சுருதி பார்ப்பது, மறுபடி வாசிப்பது என்று மாதக்கணக்கில் அந்த வேலை நடந்தது.

இந்தக் குறையே பாக்குக்கு வரமாக அமைந்தது. பாக்கின் இசையில் மூன்று நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் தத்தம் வழியில் போகும், ஒவ்வொன்றும் தனி ராகம் போல. இரண்டு கைகளால் ஒரே ஒலியில் வாசிக்கும்போது அவை ஒன்றுக்குள் ஒன்று புதைந்துவிடும். கார்லோஸுக்கோ ஒவ்வொரு குரலுக்கும் தனி நிறம் கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம். நடுக்குரல் என்ன செய்கிறது என்பது பலருக்கு முதன்முறையாகக் காதில் விழுந்தது. இன்னொன்றும் நடந்தது. ஒரு கட்டையை முழுக்க விட்டபிறகு அடுத்ததைத் தொட்டால்தான் மோக்கில் புதுச் சுரம் தெளிவாகத் தொடங்கும். சுரங்களை ஒட்டாமல் வாசிக்க வேண்டியிருந்ததைப் பெரிய தொல்லை என்றே கார்லோஸ் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் பரோக் கால ஆர்கன் வாசிப்பிலும் சுரங்களுக்கு இடையே மெல்லிய இடைவெளி விடுவதுதான் இயல்பான வழக்கம். அழுத்திய கட்டையை ஆர்கனில் பலமாகவோ மென்மையாகவோ ஒலிக்க வைக்க முடியாது என்பதால், அந்த இடைவெளியின் அளவை மாற்றித்தான் அழுத்தம் காட்டுவார்கள். இயந்திரத்தின் முரண்டு அவரை அந்தப் பழைய வாசிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் பதிவின் துள்ளலுக்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

அது 1970ல் மூன்று கிராமி விருதுகள் வாங்கியது, அமெரிக்காவில் பிளாட்டினம் அளவுக்கு விற்றது. எனக்கு அவற்றைவிட முக்கியம் அதன் முதல் உருப்படி. பாக்கின் 29ஆம் கான்டாட்டாவின் (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு) தொடக்கத்தில் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் சின்ஃபோனியா. 1731ல் லைப்சிக் நகர மன்றப் பதவியேற்புக்காகச் செய்தது. ஆர்கன்தான் அதில் முதன்மை வாத்தியம், சுற்றிலும் ட்ரம்பெட்டுகளும் வயலின்களும். ஆனால் அந்த ஆர்கன் வாசிக்கும் ஓடும் வரி ஆர்கனுக்காகப் பிறந்ததே அல்ல. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற தொகுப்பின் தொடக்கப் பகுதியான பிரெலூட் அது. ஒற்றை வயலினின் நான்கு தந்திகளில் இருந்ததைத் தூக்கி ஆர்கனில் வைத்து, கூடவே ஒரு முழு இசைக்குழுவையும் சேர்த்தவர் பாக்தான். இந்த மெட்டு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியில் வருவது இதே பிரெலூட்தான். வயலினிலிருந்து ஆர்கனுக்கு, ஆர்கனிலிருந்து மோக்குக்கு, இன்னொரு பக்கம் சென்னைக்கு. எங்கே போனாலும் அந்த வரி சேதாரமில்லாமல் நிற்கிறது.

“பாக் கேட்டால் வருத்தப்படுவார்” என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் ஊகிக்க வேண்டாம், இருந்தபோது என்ன செய்தார் என்பதே போதும். வைமார் நகரில் இருந்த நாட்களில் விவால்டியின் வயலின் கான்செர்ட்டோக்களை ஆர்கனுக்கு மாற்றினார். ஆர்கன் செய்பவரான சில்பர்மன், இன்றைய பியானோவின் முன்னோடியாக அன்று புதிதாக வந்த ஃபோர்ட்டேபியானோவைக் காட்டியபோது வாசித்துப் பார்த்துவிட்டு, மேல் ஸ்தாயி பலவீனம், கட்டை கனமாக இருக்கிறது என்று குறை சொன்னார். சில்பர்மன் அதைத் திருத்திக்கொண்டு வந்தபிறகு ஒத்துக்கொண்டார். 1749ல் அப்படி ஒரு கருவியின் விற்பனைக்கு அவரே இடைநின்றிருக்கிறார். புதிய கருவி என்றால் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டு, சரியில்லாததைச் சொல்கிற ஆள்.

இனி உங்கள் குழுத் தலைவர் சொன்னதன் உண்மையான பாதி. காற்று.

பாக் காலத்தில் பின்னால் நின்று துருத்தியை மிதிக்க ஆட்கள் இருப்பார்கள். இப்போது அநேகமாக எல்லா ஆர்கனிலும் அந்த வேலையை மின்சார மோட்டார் செய்கிறது, எனவே கரண்ட் என்பதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. ஆனால் துருத்தியிலிருந்து வரும் காற்று பொதுவானது, எல்லாக் குழாய்களும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. பெரிய கார்டை அழுத்தும்போது பழைய ஆர்கன்களில் காற்று ஒரு கணம் தளரும். சுருதியில் நூலிழை அசைவு தெரியும், பிறகு நிமிரும். ஒரு குரல் செய்வது மற்றக் குரல்களைத் தொடுகிறது. புது ஆர்கனைச் சோதிக்கப் போனால் பாக் முதலில் எல்லா ஸ்டாப்புகளையும் இழுத்துவிட்டு வாசிப்பாராம், நல்ல நுரையீரல் இருக்கிறதா பார்ப்போம் என்று. சிந்தசைசரில் எட்டு டிராக்கும் தனித்தனியாகப் பதிவானவை. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. உங்கள் பெரியவர் கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னது இந்த உயிரற்ற நேர்த்தியாக இருக்கலாம். மூச்சு என்று அவர் சரியான வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது கட்டிடம். டி மைனர் டொக்காட்டா என்ற பிரபலமான ஆர்கன் படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். (அது பாக்குடையதுதானா என்றே ஆய்வாளர்களிடையே சந்தேகம் உண்டு, அவர் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை.) முதல் வரி முடிந்ததும் ஒரு நிறுத்தம். கல் கட்டிடத்தில் அந்த நிறுத்தத்தில்தான் இசையே நடக்கிறது, ஒலி தூண்களில் முட்டி மேலே போய்த் திரும்பி வருகிறது. உலர்ந்த சிந்தசைசர் ஒலியில் அங்கே வெறும் பள்ளம்தான் இருக்கும். ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) போட்டு நிரப்பலாம், ஆனால் ரிவெர்ப் அதிகமானால் குரல்கள் கலங்கிப்போகும். சிந்தசைசரின் முதல் பலமே போய்விடும். அதனால் எல்லோரும் ஓடிப்போய்த் தொடும் அந்த டொக்காட்டாவை நீங்கள் தொட வேண்டாம் என்பேன்.

மூன்றாவதாக ஒரு பாதை இருக்கிறது. ஹாப்ட்வெர்க் போன்ற மென்பொருளில் உண்மையான ஆர்கனின் ஒவ்வொரு குழாயையும் தனியாகப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். காற்றின் தளர்ச்சியைக்கூடக் கணக்கிட்டுத் தருகிறது. இலவசமாக வேண்டுமென்றால் கிராண்ட்ஆர்க் இருக்கிறது. ஐரோப்பியக் கோவில் ஆர்கனைத் திருச்சியில் உட்கார்ந்து வாசித்துப் பழக இதைவிட வழி இல்லை, பெரியவருக்கும் பிடிக்கலாம். ஆனால் அது இருக்கும் ஆர்கனைப் பாதுகாக்கிற வேலை. நீங்கள் கேட்ட மறுகற்பனை அதில் இல்லை.

கார்லோஸின் வெற்றிக்குப் பிறகு ‘மோக்’ என்று அட்டையில் போட்டு ஏராளமான இசைத்தட்டுகள் வந்தன. பலவும் கீழே ஒரு டிரம்ஸை ஓடவிட்டு மேலே பாக்கை வைத்தவை. பாக்கின் தாளம் கால்களால் வாசிக்கும் பெடல் வரியிலேயே இருக்கிறது, டிரம்ஸ் வந்ததும் அது செத்துவிடும். அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம். கார்லோஸ் 1992ல் செய்த ‘ஸ்விட்ச்ட் ஆன் பாக் 2000’ கேளுங்கள். அதில் இன்று வழக்கத்தில் உள்ள சம இடைவெளிச் சுருதியை விட்டுவிட்டுப் பழைய சுருதி முறைகளுக்குப் போனார். குழாய்களில் அதைச் செய்யவேண்டுமென்றால் ஒவ்வொரு குழாயாகத் திருத்த வேண்டும், சிந்தசைசரில் சில எண்கள் போதும். கேட்டால் கார்டுகள் அடங்கி உட்காருவது தெரியும். அவருடைய தொகுப்புகள் ஸ்ட்ரீமிங்கில் இல்லை, பழைய சிடி தேடித்தான் வாங்க வேண்டும். தேடுங்கள், தகும்.

நீங்கள் ஆரம்பிக்க ஏற்றவை ஆறு ட்ரியோ சொனாட்டாக்கள், பாக் படைப்புகளின் பட்டியலில் பிடபிள்யூவி 525 முதல் 530 வரை. வலது கைக்கு ஒரு வரி, இடது கைக்கு ஒரு வரி, கால்களுக்கு ஒரு வரி. கார்டே கிடையாது. மூன்று ஒற்றைக்குரல் சிந்தசைசர்களுக்காகவே எழுதியது போலிருக்கும். முதலாவதான இ ஃபிளாட் மேஜரை எடுங்கள். இரண்டு மேல் குரல்களும் ஒரே ஸ்தாயியில் அடிக்கடி குறுக்கே போகும், எனவே நிறத்தில் வேறுபாடு வேண்டும், பலத்தில் வேண்டாம். பெடலுக்கு 16 அடியும் 8 அடியும் சேர்த்துக் கொடுங்கள். மூன்று வரியையும் கையால் வாசியுங்கள், மவுஸால் புள்ளி வைத்து நிரப்பாதீர்கள். மூச்சில் பாதி அதிலேயே வந்துவிடும். மீதிப் பாதிக்கு, பெடல் வரியின் அளவை எடுத்து மற்ற இரண்டின் சுருதியையும் மிகக் கொஞ்சமாகத் தளர்த்தும்படி இணைத்துப் பாருங்கள். மாட்யுலர் மென்பொருளான விசிவி ராக்கில் ஒரு வயர் இழுத்தால் முடிகிற காரியம். அது இலவசம்தான்.

செய்து முடித்ததும் முதலில் பெரியவருக்குப் போட்டுக் காட்டுங்கள், ஒலியைப் பற்றி எதுவும் சொல்லாமல் இடது கை வரியைப் பின்தொடர முடிகிறதா என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள், பதிவையும் அனுப்புங்கள்.

அன்புடன்