தராசு வாங்குவதற்கு முன் டப்பாவின் பேட்ச் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். புது பெல்லட் (ஈயக் குண்டு) டப்பா திறந்ததிலிருந்து, 10.5 புள்ளி விழுந்த கைக்கு 9.8, 9.9 விழுகிறது. ஒவ்வொரு பெல்லட்டையும் எடைபோட்டுப் பிரித்தால் சரியாகுமா? 4.49, 4.50 மி.மீ. என்று இரண்டு தலை அளவு விற்கிறார்கள், எதை வாங்குவது?

பதில்: எடைபோடுவதில் தப்பில்லை. ஆனால் கோளாறு அங்கே இருக்க வாய்ப்பு குறைவு. சுமார் 0.53 கிராம் பெல்லட்டில் 0.01 கிராம் கூடினால் 10 மீட்டரில் ஏறக்குறைய 0.3 மி.மீ. கீழே இறங்கும். இந்த இலக்கில் 0.25 மி.மீ. விலகினால் 0.1 புள்ளி போகும். அவ்வளவுதான் நஷ்டம். உங்கள் மகளுக்குப் போவது 0.7, அதாவது 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு.

முதலில் ரைஃபிள் கட்டையின் திருகுகளும் சைட் (குறிபார்க்கும் பாகம்) திருகுகளும் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெல்லட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது திருகு ஆடுவது அடிக்கடி நடப்பதுதான்.

அது சரியாக இருந்தால் பேட்ச் சோதனை, அதாவது ஒரே தடவையில் தயாரான பெல்லட் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்ப்பது. பெல்லட்டின் தலை பேரலின் (குழாயின்) உள்வரிகளில் சாயாமல் உட்கார வேண்டும். பின்பக்க மெல்லிய விளிம்பு காற்றை அடைக்க வேண்டும். எந்தத் தலை அளவு ஒத்துப்போகும் என்பதை அந்தந்த பேரல்தான் சொல்லும். தோழிக்கு 4.50 நன்றாக விழுகிறது என்பதற்காக வாங்காதீர்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு, வேறு பேட்ச் என்றாலும் முடிவு மாறும்.

கோச்சிடம் சொல்லி ரைஃபிளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பொருத்துங்கள். அதன் பிடி பேரலில் படக் கூடாது. சிலிண்டரில் காற்று நிறைந்திருக்கட்டும். பேட்ச் மாற்றும்போதெல்லாம் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டு, பிறகு பத்துப் பத்தாக மூன்று முறை சுடுங்கள். ஐந்து குண்டு போதாது, அதிர்ஷ்டத்தாலும் அவை அழகாக ஒரே இடத்தில் கூடி விழும். பத்தும் சேர்ந்து கிழித்த துளை, வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 7 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல பேட்ச். நடுவில் விழும்போது 10.4க்குக் கீழே போகாது. வைஸில் இந்தப் புது டப்பாவே இப்படி இறுகி விழுந்தால் பெல்லட்டை விட்டுவிட்டு, மகள் நிற்கும் நிலையைக் கோச் கவனிக்கட்டும்.

நல்ல பேட்ச் கிடைத்தால் அதே எண்ணில் சீசனுக்குத் தேவையான அத்தனை டப்பாவையும் உடனே வாங்கிவிடுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்பார். எண்ணைப் பார்த்தே எடுங்கள். ஈயம் மிருதுவானது, டப்பா கீழே விழுந்தால் விளிம்பு நசுங்கும். அந்த டப்பா பயிற்சிக்கு மட்டும். சுட்டு முடித்ததும் சாப்பிடுவதற்கு முன் மகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.