ஃபேண்டசி ஃபுட்பால் லீக்: புள்ளிகளில் 2வது, பட்டியலில் 9வது. அணியைக் கலைத்துவிடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஆபீஸ் நண்பர்களோடு 12 அணி ஃபேண்டசி ஃபுட்பால் லீக் ஆடுகிறேன். 7 வாரம் முடிந்துவிட்டது. மொத்தப் புள்ளிகளில் என் அணி இரண்டாவது, ஆனால் 2 வெற்றி 5 தோல்வியோடு வாரப் பட்டியலில் ஒன்பதாவது. இருக்கிற வீரர்களை மற்ற அணிகளோடு ட்ரேட் செய்து, அதாவது மாற்றிக்கொண்டு, அணியைக் கலைத்துவிடலாமா? இந்தப் பட்டியல் முறையை மாற்றச் சொல்லி, லீக்கை நடத்தும் கமிஷனரிடம் கேட்கலாமா?

பதில்:

கலைக்காதீர்கள். உங்கள் அணி நல்ல அணி, பட்டியலில் அது இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். டாலஸ் பக்கம் ஓர் ஆபீஸ் லீக்குக்கு நான் பல சீசன்களாகக் கமிஷனர், செவ்வாய்க்கிழமை காலையில் வாரப் பட்டியலை எல்லோருக்கும் அனுப்புவது என் வேலை. அக்டோபர் கடைசியில் உங்கள் நிலைமையில் யாராவது ஒருவர் இருப்பார். நல்ல வீரர்களை அவசரத்தில் தள்ளிவிட்டு, அதே வீரர்கள் டிசம்பரில் வேறொருவருக்குக் கோப்பை வாங்கித் தருவதைப் பார்த்து நொந்துபோனவர்களை எனக்குத் தெரியும்.

விளையாட்டு தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு: இது அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே உள்ள தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் 32 அணிகளில் ஆடும் நிஜ வீரர்களை ஆகஸ்டில் ஒரு டிராஃப்ட் வைத்து லீக்கில் இருப்பவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அந்த வீரர் நிஜ ஆட்டத்தில் ஓடும் தூரம், பிடிக்கும் பந்து, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் போடும் டச்டவுன் எல்லாம் உங்களுக்குப் புள்ளி. 10 யார்டு ஓடினால் 1, டச்டவுனுக்கு 6, இப்படி. ஒவ்வொரு வாரமும் உங்கள் அணிக்கு லீக்கில் ஓர் எதிரணி இருக்கும், யார் புள்ளி அதிகமோ அவருக்கு அந்த வார வெற்றி. 14 வாரம் இப்படி ஆடி, மேலே இருக்கும் 6 அணிகள் 15ஆம் வாரத்திலிருந்து பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்று ஆடி, 17ஆம் வாரத்தில் இறுதி ஆட்டம். பெரும்பாலான லீக்குகள் இப்படித்தான்.

இப்போது உங்கள் பட்டியலைத் திறந்து மூன்று கட்டங்களைப் பாருங்கள். முதலில் வெற்றி தோல்வி, அடுத்தது நீங்கள் எடுத்த புள்ளிகள், கடைசியில் உங்களுக்கு எதிராக எடுக்கப்பட்ட புள்ளிகள். அந்தக் கடைசிக் கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. நிஜ ஃபுட்பாலில் ஓர் அணி 35 புள்ளி விட்டுக்கொடுத்தால் அதன் தடுப்பாட்டம் மோசம் என்று சொல்லலாம். ஃபேண்டசியில் உங்களால் எதிரணியைத் தடுக்கவே முடியாது. அவருடைய ரன்னிங் பேக் (பந்தோடு ஓடும் வீரர்) ஞாயிற்றுக்கிழமை எத்தனை யார்டு ஓடுவார் என்பதில் உங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. அதனால் எதிராக எடுக்கப்பட்ட புள்ளிகள் என்பது முழுக்க முழுக்க அட்டவணை தந்த அதிர்ஷ்டம். 12 அணி லீக்கில் எதிரணிகள் 11, வாரங்கள் 14, ஆக மூன்று பேரை இரண்டு முறை சந்திக்க வேண்டும். அந்த மூவர் யார், எந்த வாரத்தில் என்பதைச் சீசனுக்கு முன்னாலேயே கணினி முடிவு செய்துவிடுகிறது. உங்கள் லீக்கில் அந்தக் கட்டத்தில் மிகப் பெரிய எண் உங்களுடையதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரே வீரரின் ஒரு நாள் ஆட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020 கிறிஸ்துமஸ் நாளைச் சொல்லலாம். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸின் ஆல்வின் கமாரா மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக ஓடியே 6 டச்டவுன் போட்டார். 1929இல் எர்னி நெவர்ஸ் செய்த சாதனைக்குச் சமம். அது 16ஆம் வாரம், அந்தச் சீசனில் பெரும்பாலான லீக்குகளுக்கு இறுதி வாரம். பிடிக்கும் பந்துக்கு 1 புள்ளி தரும் லீக்கில் அவர் ஒருவரே 56.2 புள்ளி. எதிரில் இருந்தவர் எவ்வளவு யோசித்து அணியை இறக்கியிருந்தாலும் சரி, அந்த ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தோடு பலருக்குக் கதை முடிந்துவிட்டது. இதற்கு நேர் எதிரான சம்பவமும் உண்டு. 2007 டிசம்பர் 16, டாலஸ் பக்கம் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கும் டாலஸ் கவ்பாய்ஸுக்கும் ஆட்டம். ஈகிள்ஸின் பிரையன் வெஸ்ட்புரூக் எதிரே யாரும் இல்லாமல் ஓடிவந்து, டச்டவுன் போடாமல் 1 யார்டு கோட்டருகே வேண்டுமென்றே கீழே உட்கார்ந்துவிட்டார். பந்து தங்களிடமே இருந்தால் மீதி நேரத்தை ஓட்டி ஆட்டத்தை முடித்துவிடலாம், கவ்பாய்ஸுக்கு வாய்ப்பே தர வேண்டாம் என்ற அருமையான முடிவு. ஈகிள்ஸ் 10க்கு 6 என்று வென்றார்கள். ஆனால் பிளேஆஃப் வாரத்தில் அவரை நம்பியிருந்த ஃபேண்டசி அணிகளுக்கு அந்த 6 புள்ளி வரவே இல்லை.

சரி, உங்கள் அணியின் உண்மையான தரத்தை எப்படி அளப்பது? நான் ஒவ்வொரு வாரமும் போடும் கணக்கு ஒன்று உண்டு, ஆல்-ப்ளே என்பார்கள். அந்த வாரம் நீங்கள் எடுத்த புள்ளியை உங்கள் எதிரணியோடு மட்டும் ஒப்பிடாமல் மற்ற 11 அணிகளோடும் ஒப்பிட வேண்டும். அந்த வாரத்தின் இரண்டாவது பெரிய ஸ்கோர் உங்களுடையது என்றால் 10 வெற்றி, 1 தோல்வி. நிஜப் பட்டியலில் அந்த ஒருவரிடம் மாட்டித் தோற்றிருக்கலாம், ஆனால் இந்தக் கணக்கில் 10 பேரை வென்றிருக்கிறீர்கள். 7 வாரத்துக்கு மொத்தம் 77 ஒப்பீடு. உதாரணத்துக்கு உங்களுக்கு அதில் 46 வெற்றி என்று வைத்துக்கொள்வோம். 60 சதவீதம். அப்படியானால் 7 வாரத்தில் உங்களுக்கு நியாயமாக வந்திருக்க வேண்டியது 4 வெற்றிக்குக் கொஞ்சம் மேல், வந்தது 2. ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலை. மொத்தப் புள்ளியை விட இது நம்பகமானது, ஏனென்றால் ஒரே ஒரு வாரம் 190 எடுத்துவிட்டு மற்ற வாரங்களில் 95 எடுக்கும் அணிக்கும் மொத்தப் புள்ளி நன்றாகத்தான் இருக்கும். உங்களுடைய இரண்டாவது இடம் அப்படி வந்ததா, வாராவாரம் நிலையாக எடுத்து வந்ததா என்பது ஆல்-ப்ளேயில் தெரிந்துவிடும். முதல் வகையாக இருந்தால் மட்டும் அணியை மாற்ற யோசியுங்கள்.

அதே 60 சதவீத அணி மீதி 7 வாரத்தில் 5 அல்லது அதற்கு மேல் வெல்ல வாய்ப்பு எவ்வளவு? கணக்குப் போட்டால் 42 சதவீதம் வருகிறது. 5 வென்றால் 7 வெற்றி, 7 தோல்வி. 6 அணி பிளேஆஃபில் கடைசி இடம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகும், அங்கே சமநிலை வந்தால் பல லீக்குகளில் மொத்தப் புள்ளி அதிகம் உள்ளவருக்கே இடம். உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து அது. சில லீக்குகளில் நேருக்கு நேர் ஆடிய முடிவை முதலில் பார்ப்பார்கள், அதனால் உங்கள் லீக் அமைப்பில் சமநிலை விதி என்ன என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது பின்னால் மட்டும் பார்க்காமல் முன்னாலும் பாருங்கள். என்எஃப்எல் 2021இலிருந்து 18 வாரம், 17 ஆட்டம். ஒவ்வோர் அணிக்கும் ஒரு வாரம் ஓய்வு. பை வீக் என்று சொல்லும் அந்த ஓய்வு எல்லோருக்கும் ஒரே மாதிரி அடிக்காது. 2024இல் 14ஆம் வாரம் பால்டிமோர், ஹூஸ்டன், இண்டியானாபொலிஸ், வாஷிங்டன், டென்வர், நியூ இங்கிலாந்து என்று 6 அணிகள் ஒரே நேரத்தில் ஓய்வில் இருந்தன. பால்டிமோர் வீரர்களான லாமார் ஜாக்சனையும் டெரிக் ஹென்றியையும் ஒன்றாக வைத்திருந்தவர், பிளேஆஃபுக்குள் நுழைய வேண்டிய கடைசி வாரத்தில் இரண்டு பேரும் இல்லாமல் ஆட வேண்டியிருந்தது. 7ஆம் வாரத்தில் 5 வெற்றி 2 தோல்வியில் உட்கார்ந்திருப்பவரின் அணிக்கு ஓய்வு வாரங்கள் இனிமேல்தான் வரப்போகிறதா, உங்களுக்கு ஏற்கெனவே தாண்டிவிட்டதா என்று எழுதிப் பாருங்கள். பட்டியலின் மேல் பாதி அடுத்த 5 வாரத்தில் எப்படி மாறும் என்பது ஓரளவு புரியும்.

ட்ரேடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அணியைக் கலைப்பது வேறு, ஒரு இடத்தைச் சரிசெய்வது வேறு. 2-5இல் இருக்கும் உங்களுக்கு அடுத்த வார வெற்றி உடனே வேண்டும், 6-1இல் இருப்பவருக்கு அந்த அவசரம் இல்லை. அதனால் காயத்தில் இருந்து மூன்று வாரத்தில் திரும்பும் நல்ல வீரர் ஒருவர் உங்களிடம் இருந்தால், மேலே இருப்பவரிடம் கொடுத்து இன்றைக்கே ஆடக்கூடிய இருவரைக் கேட்கலாம், இருவருக்கும் லாபம். ஆனால் உங்கள் 2-5ஐப் பார்த்து 'பாவம், எப்படியும் முடிந்துவிட்டது, அந்த ரிசீவரைத் தந்துவிடு' என்று வருபவர்களுக்கு மறுத்துவிடுங்கள். இன்னொன்று, பல லீக்குகளில் வேவர் வரிசை, அதாவது யாரிடமும் இல்லாத வீரர்களை எடுக்கும் வரிசை, பட்டியலைத் தலைகீழாகப் பார்த்துத்தான் வரும், கீழே இருப்பவருக்கு முதல் வாய்ப்பு. உங்கள் லீக் அப்படியென்றால் நல்ல அணியும் முன் வரிசையும் சேர்ந்து கிடைத்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

திங்கள் இரவு ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். என்எஃப்எல் புள்ளிவிவரங்களை மறுபடி சரிபார்த்து வார நடுவில் திருத்தம் வரும். முன்னோக்கி எறிந்ததாக எழுதிய பந்து உண்மையில் பின்னோக்கிப் போனது என்று முடிவானால் ஒரு பிடிப்பு கணக்கிலிருந்து போய்விடும், அதோடு ஒரு புள்ளியும். ஆட்டம் முடியும்போது குவார்ட்டர்பேக் (பந்தை எறியும் வீரர்) முழங்காலிட்டு நேரத்தைக் கழிப்பாரே, அதுகூட ஓட்டத்தில் ஒரு யார்டு இழப்பு, 0.1 புள்ளி குறையும், அந்த 0.1இல் தோற்றவர்கள் இருக்கிறார்கள். 1963இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் பில் விங்கன்பாக் நண்பர்களோடு தொடங்கிய முதல் லீக்கில் இந்தத் தசமத் தொல்லை கிடையாது, டச்டவுன் மாதிரி ஸ்கோர் செய்வதற்குத்தான் புள்ளி.

கமிஷனரிடம் கேட்கலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கேளுங்கள், ஆனால் இந்தச் சீசனுக்காகக் கேட்காதீர்கள். நடுவில் விதியை மாற்றினால் 5-2இல் இருப்பவருக்கு அநியாயம், அவரும் இருக்கும் விதிப்படிதான் வென்றிருக்கிறார், எந்தக் கமிஷனரும் ஒத்துக்கொள்ளக் கூடாது. விதியில் இல்லாத சூழ்நிலை வந்தால் சம்பந்தப்பட்ட இருவரும் பேசி முடிவெடுப்பது வேறு விஷயம். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸின் டமார் ஹாம்லின் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்தார், ஆட்டம் நிறுத்தப்பட்டு அப்புறம் ரத்தே ஆனது. 17ஆம் வாரம் அது. எங்கள் இறுதி ஆட்டத்தில் இருந்த இருவரும் அன்றிரவே பரிசைப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள், அந்த நேரத்தில் ஒருவரும் புள்ளியைப் பற்றிப் பேசவில்லை. அந்த இருவர் மேலும் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு.

அடுத்த சீசனுக்கு டிராஃப்டுக்கு முன்னால் இரண்டு மாற்றங்களை வாக்கெடுப்புக்கு வையுங்கள். ஒன்று, ஒவ்வொரு வாரமும் எதிரணியோடு ஓர் ஆட்டம், லீக்கின் நடு ஸ்கோரோடு இன்னோர் ஆட்டம். மேல் 6 ஸ்கோருக்குள் வந்தால் கூடுதலாக ஒரு வெற்றி, இல்லையென்றால் ஒரு தோல்வி. ஸ்லீப்பர் என்ற ஃபேண்டசி செயலியில் இதற்கு அமைப்பிலேயே வழி இருக்கிறது. இரண்டு, பிளேஆஃபின் ஆறாவது இடத்தை வெற்றி தோல்வி பார்க்காமல், மீதி அணிகளில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தருவது. எங்கள் லீக்கில் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டோம், நேருக்கு நேர் மோதும் சுவாரசியம் குறையாமல் உங்களைப் போன்ற அணிக்கு ஒரு கதவு திறக்கிறது என்பதால். அதற்கு எனக்குத் தெரிந்து இன்னொரு நல்ல பலன் உண்டு, 3-8இல் இருப்பவர்களும் கடைசி வாரம் வரை அணியை ஒழுங்காக இறக்குகிறார்கள். கடைசி இடத்துக்குத் தண்டனை வைக்கும் லீக்குகளும் நிறைய உண்டு, வாஃபிள் ஹவுஸ் உணவகத்தில் 24 மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு வாஃபிள் சாப்பிட்டால் ஒரு மணி நேரம் கழியும் என்பது இங்கே பிரபலம். தண்டனை பயத்தை விட ஒரு இடம் கிடைக்கும் என்ற எண்ணம் நன்றாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம். அக்டோபரிலேயே அணியைக் கைவிடும் ஒருவர் தன் சீசனை மட்டும் கெடுப்பதில்லை, நவம்பரில் அவரோடு மோதுகிறவருக்கு இலவச வெற்றி, அதனால் பிளேஆஃப் இடத்தை இழப்பவர் மூன்றாவது ஆள். நீங்களும் அடுத்த வாரம் ஓய்வில் இருப்பவர்களை வெளியே எடுத்துவிட்டு முழு அணியை இறக்குங்கள். ஆல்-ப்ளே கணக்கு போட்டதும் எண்களைக் கமெண்டில் எழுதுங்கள், ட்ரேட் ஏதாவது வந்திருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.