மதத்த வச்சு இனவெறிய எப்படி நியாயப்படுத்துறாங்க?

சுருக்கமா சொன்னா, முடிவ முதல்ல எடுத்துட்டு அதுக்கு ஏத்த வசனத்த அப்புறமா தேடுறாங்க. அமெரிக்கால கறுப்பின மக்கள அடிமையா வச்சிருந்தவங்க பைபிள்ல ஆதியாகமம் 9-ம் அதிகாரத்த காட்டி, கறுப்பின மக்கள் நோவாவோட மகன் காமோட வம்சம், இது காமோட சாபம்னு சொன்னாங்க, ஆனா எடுத்து வாசிச்சா நோவா சபிக்கிறது காமையே இல்ல, அவன் மகன் கானான, தோல் நிறத்த பத்தி அங்க ஒரு வார்த்தகூட கெடையாது. கு கிளக்ஸ் கிளான்ங்கிற அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்ப 1915ல மறுபடி தொடங்குனப்ப சிலுவைய எரிச்சுதான் தொடங்குனாங்க. தென்னாப்பிரிக்கால நிறவெறிக்கு டச்சு சீர்திருத்த சபையே வேதத்துல ஆதாரம் சொல்லிச்சு.

நம்ம குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசா என்ன? (சாதியும் இனமும் ஒண்ணு இல்லதான், ஆனா ஃபார்முலா ஒண்ணுதான்.) அப்ப குமரியும் சேந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்துல நாடார் பொம்பளைங்க மார்ப மறைக்கிற தோள்சீலை போடக்கூடாதுன்னு தடுத்தவங்களும் ஆசாரம், தெய்வம் வச்ச முறைன்னுதான் பேசுனாங்க, 1859ல மன்னர் அனுமதி குடுத்தப்பவும் மேல்சாதி பொம்பளைங்க மாதிரி உடுத்தக்கூடாதுன்னு ஒரு நிபந்தன. புனிதம்னு ஒரு வார்த்த சேந்துட்டா அடிக்கிறவனுக்கு குத்த உணர்ச்சியே வராது பாருங்க, அதான் அவனுக்கு மதம் தேவப்படுது.

எதுத்து நின்னவங்களும் நம்பிக்கைய வச்சுதான் நின்னாங்க. சாதிக் கொடுமைய எதுத்த அய்யா வைகுண்டரோட அய்யாவழிக்கு தலைமைக் கோயிலான சாமித்தோப்பு பதிக்கு போயிருக்கீங்களா? அங்க கருவறை மாதிரி இருக்குற பள்ளியறைல சிலை கெடையாது, கண்ணாடிதான். ஆம்பளைங்க தலைப்பாகை கட்டிட்டு போயி நின்னா தெரியுறது அவங்கவங்க மூஞ்சி.